சின்னையா மாமாவின் தொப்பி

பிரிக்பீல்ட்ஸில் காரில் ஏறியதிலிருந்து ராஜினி அண்ணி கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே வந்தார். வழக்கமாக வாய் ஓயாத மனுஷி. காரணம் எனக்குத் தெரியும். காரை ஓட்டிய என் அண்ணன் கனகசபைக்குத்தான் தெரியாது என்று இருவரும் நம்பியிருந்தோம்.

எங்கள் குடும்பத்தில் ஆண்கள் எல்லாரும் அரசாங்க ஆபீசுகளில் கணக்கெழுதும் கிராணிமார். பேனா பிடிக்காத சம்பந்தம் எங்கள் அம்மாவுக்கு ஆகாது. அதனால் அண்ணியைப் பெண் கேட்டபோது, பட்டாளத்திலிருந்த அவருடைய அப்பா சின்னையாவை ஸ்டோர் ஆபீசர் என்று சொல்லிவிட்டார்கள். உண்மையில் அவர் முகாம் சமையல்காரர். கல்யாணமான பிறகு அண்ணி என்னிடம் மட்டும் சொல்லி அழுதார். நாற்பது வருடமாக என் வாய்க்குப் பூட்டு. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சாதனை என்று புரியும்.

சின்னையா மாமா காலமான பிறகு அவருடைய தகரப் பெட்டியை அண்ணியின் தம்பி கிள்ளானிலுள்ள முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டான். கடைவீட்டு மாடியில் அவர்கள் ஒரு சின்ன அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அங்கே குட்டு உடைந்துவிடுமோ என்பதுதான் அண்ணியின் பயம்.

சங்கத்துப் பழனியப்பன் எங்களைக் கண்ணாடிப் பெட்டிக்கு அழைத்துப் போனார். உள்ளே பச்சைச் சீருடை போட்ட பொம்மை. தலையில் ஓலைக் கூம்பு. 'காட்டுப் பணியில் கோப்ரல் சின்னையா அணிந்த தொப்பி' என்று மலாயில் எழுதியிருந்தது. அண்ணன் நெஞ்சு நிமிர்த்திப் படம் எடுத்து, 'மாமாவின் போர்த் தொப்பி' என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார். கைகூப்பிய படங்கள் வந்து குவிந்தன.

நானும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அது நீத்துப்பெட்டி. புட்டு அவிக்கிற பனையோலைக் கூடை, முகாமுக்கே அவிக்கும் அளவில். அண்ணன் பிறந்ததிலிருந்து புட்டு தின்கிறார். குசினி அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால்தானே!

"பேசாம இருங்க அண்ணி," என்று கிசுகிசுத்தேன். ஆனால் அண்ணியின் கண் பக்கத்திலிருந்த படத்தில் இருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டு மாமா நிற்கிறார். சுற்றிலும் மலாய், சீன, தமிழ்ச் சிப்பாய்கள் தட்டோடு சிரிக்கிறார்கள்.

"அண்ணே, அதை அப்பா தலையிலேர்ந்து எடுத்துடுங்க," என்றார் அண்ணி பழனியப்பனிடம். "அது தொப்பி இல்ல, புட்டு அவிக்கிறது. எங்கப்பா குக். இவங்க எல்லாருக்கும் ஆக்கிப் போட்டவர்."

தலை குனியவில்லை. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

"அடடா! காட்டுல வெறும் பிஸ்கட் தின்னு திரும்புனவனைக் கேளுங்க அக்கா, குக் யாருன்னு சொல்லுவான்," என்ற பழனியப்பன், கூடையை இரண்டு கையாலும் எடுத்து அந்தப் படத்துக்கு முன்னால் வைத்தார்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "குக்னு எனக்கு அப்பவே தெரியும் லா."

அண்ணி திகைத்தார். "யார் சொன்னா?"

"உங்கப்பாதான். பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு கை கழுவப் பின்னால போனேன். அடுப்படியில நின்னார். 'தம்பி, நான் பட்டாளத்துக் குக். தெரிஞ்சு கட்டிக்குங்க'ன்னார். நான் இன்னும் கொஞ்சம் புட்டு கேட்டேன்."

"அப்பவாவது அடுப்புல என்ன இருக்குன்னு பார்த்தீங்களா?" என்றேன்.

"தட்டைத்தான் பார்த்தேன்."

"இத்தனை வருஷமா ஏங்க சொல்லல?" அண்ணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

பிறகு அண்ணன் வாட்ஸ்அப்பில் போட்டதை அழித்துவிட்டு எழுதினார்: 'தொப்பி இல்லை. மாமா பட்டாளத்துக்கே புட்டு அவித்த நீத்துப்பெட்டி.' அண்ணி போனைப் பிடுங்கி, மாமாவுக்கு முன்னால் 'கோப்ரல்' என்ற பதவியையும் சேர்த்து அனுப்பினார்.