வெள்ளைக் குட்டியின் நெற்றிப் பொட்டு

1989 ஜனவரி 29, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு நாற்பது. கிழக்குத் தாம்பரத்தில் பனி இறங்கியிருந்தது. எங்கள் கேட்டிலிருந்து எதிர்வீட்டு வேப்பமரம் தெரியவில்லை. பின்பக்கச் சிமெண்டுத் தரையில் நாய்க்குட்டிகளை எண்ணினேன். ஏழுதான் வந்தது. பதறிப்போய் மறுபடியும் எண்ணினேன், எட்டு. வெள்ளைக் குட்டி பனியோடு பனியாக நின்றிருந்தது. அதைத்தான் விட்டிருந்தேன்.

தாய் கிரேட் டேன் ஜாதி. அதிலும் ஹார்லிக்வின் என்பார்கள்: வெள்ளை உடம்பில் கறுப்புக் காகிதத்தைக் கிழித்துக் கிழித்து ஒட்டினாற்போல் திட்டுகள். இடது பக்கம் பதினேழு, வலது பக்கம் இருபத்தொன்று. சாயங்காலங்களில் அது படுத்திருக்க, மூச்சுக்கு மூச்சு அந்தத் திட்டுகள் மெல்ல ஏறி இறங்கும். ஏரித் தண்ணீரில் மேகநிழல் நகர்வது போலிருக்கும். பார்த்துக்கொண்டே நாற்காலியில் அசந்துபோவேன்.

திட்டு உள்ள தாய்க்குத் திட்டு உள்ள ஆணையே சேர்த்தால் குட்டிகள் அத்தனையும் திட்டோடு பிறக்கும் என்று நம்பினேன். ரயில்வே அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் கணக்கு எழுதியவன். நிறம் கூட்டல் கணக்கில் வராது என்று தெரியவில்லை. தாயைப் போல மூன்றுதான். இரண்டு கறுப்பு. இரண்டு சாம்பல், அதன்மேல் கருந்திட்டு, மழைக்கு முந்தைய வானம் போல. ஒன்று சுத்த வெள்ளை.

நான்காவது வாரம், குட்டிகள் தூங்கும்போது எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டிப் பார்த்தேன். ஏழும் துள்ளி எழுந்து சிதறின. வெள்ளை தூங்கிக்கொண்டே இருந்தது.

"ஹார்லிக்வினுக்குக் கறுப்பைத்தான் சார் சேர்க்கணும்" என்றார் கால்நடை டாக்டர். "ரெண்டு பக்கமும் திட்டுன்னா ஒண்ணு ரெண்டு இப்படி வெள்ளையா, காது கேக்காம பொறந்துடும். ஊசி போட்டு முடிச்சுடலாம். வலிக்காது."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தவன், மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு, குட்டி பார்க்க நான் வரச் சொல்லியிருந்த லாரி முதலாளி ஒருவர் பள்ளிக்கரணையிலிருந்து தன் மச்சானோடு ஸ்கூட்டரில் வந்தார்.

"வெள்ளை நாய் ராசின்னு ஜோசியர் சொல்லிக்கீறாரு சார். ஒரு கறுப்பு இருக்கக் கூடாது. மூவாயிரம் தரேன்."

"இது நாயா, கன்னுக்குட்டியா?" என்றான் மச்சான். "தீனி போட லாரிய விக்கணும் போல கீதே."

முதலாளி குட்டியைத் தூக்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது. "இன்னா சார், நெத்தில கறுப்பு கீது?"

என் மனைவியின் வேலை. வருகிறவர்கள் கண் பட்டுவிடும் என்று காலையில்தான் கண்மையால் பொட்டு வைத்திருந்தாள். விரலால் தேய்த்தால் போய்விடும். மூவாயிரம் என் மாதச் சம்பளத்தைவிட அதிகம். துடைக்கக் கை கூட நீண்டுவிட்டது.

"அது மை, துடைச்சாப் போயிடும்" என்றேன். "ஆனா இதுக்குக் காது கேக்காது."

"எங்க அக்கா மட்டும் உன் பேச்ச கேக்குதா மச்சான்? அது கூட நீ காலம் தள்ளல?" என்று மச்சான் சிரித்தான்.

முதலாளியும் சிரித்தார். "ராசிக்குக் காது எதுக்கு சார்? லாரி ஷெட்ல சும்மா சுத்திகினு கெடக்கட்டும்."

ரிவர்ஸ் எடுக்கும் லாரியும், அதன் பின்னால் தூங்கும் இந்த வெள்ளை முதுகும் என் கண்ணுக்குள் வந்துவிட்டன.

"தர்றதுக்கில்லைங்க."

"அப்ப இன்னாத்துக்கு வரச் சொன்ன? காலங்காத்தால பேஜார்" என்று அவர் ஸ்கூட்டரை உதைத்தார்.

மனைவி சமையலறைக் கதவருகே நின்றிருந்தாள். "மூவாயிரமாங்க?" என்றாள். பிறகு, "சரி, பால் ஆறுது. அதுக்கு ஊத்துங்க."

மற்ற ஏழும் மார்ச்சுக்குள் விலைக்குப் போய்விட்டன. வெள்ளை எங்களோடு எட்டு வருடம் இருந்தது. அதைக் கூப்பிட, தரையில் காலால் இரண்டு தட்டு தட்டுவோம். அதிர்வு பாதத்தில் ஏறி அது தலை தூக்கும். அது ரோட்டுக்கு ஓடி ஹாரன் கேட்காமல் அடிபட்டுவிடுமோ என்ற பயத்தில் மதிலை இரண்டு அடி உயர்த்தினேன். மார்கழிக் காலைகளில் அது பனிக்குள் நடந்து போகும். மூக்கு மட்டும் தனியே மிதந்து திரும்பி வரும்.

அரிசி, எலும்பு, பால், டாக்டர், மதில், கடைசியில் குழி வெட்டியவர் கூலி: எல்லாம் சேர்த்து நாற்பத்தோராயிரத்து இருநூற்று அறுபது ரூபாய்.