டப்பாவை அளந்தீங்களா?

அக்கா இறந்துபோன பிறகு நான் வேலைக்குத் திரும்பிய அன்று, பிரிவுத் தலைவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். வருத்தம் சொன்னார். பிறகு, அக்கா எங்கள் மென்பொருளில் வைத்திருந்த அந்தக் கேள்வியை எடுத்துவிடச் சொன்னார். நிறையப் பேர் குறைப்படுகிறார்களாம்.

நானும் அக்காவும் ஒரே அறையில், முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வேலை செய்தவர்கள். ஒரு பொருளின் மேல் நியூட்ரான் கற்றையைச் செலுத்தினால் அது நாலா பக்கமும் சிதறும். எந்தத் திசையில் எத்தனை சிதறின என்று கருவி எண்ணித் தரும். அந்த எண்களைப் படமாக்கிக் காட்டும் மென்பொருள் எங்களுடையது. எங்களுடையது என்பது பேச்சுக்கு. முக்கால்வாசி அக்கா எழுதியது. படித்தது இயற்பியல், நிரல் எழுதுவது தானாகப் பழகிக்கொண்டது. ஏசி ஒத்துக்கொள்ளாமல் வருடம் முழுக்க ஸ்வெட்டர் போட்டிருப்பாள். மதியச் சாப்பாட்டைப் பதினோரு மணிக்கே முடித்துவிட்டு, ஒரு மணிக்கு என் டப்பாவில் கை வைப்பாள்.

பொருளைப் பொடியாக்கி, அலுமினிய டப்பாவில் அடைத்துத்தான் கற்றையின் முன் வைப்பார்கள். டப்பாவும் சேர்ந்து சிதறடிக்கும். அதனால் வெறும் டப்பாவைத் தனியாக அளந்து கழிக்க வேண்டும். மிஞ்சுவதுதான் பொருளுடையது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கற்றை கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்த நேரத்தை வெறும் டப்பாவுக்குக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? அதனால் அக்கா, படம் வருவதற்கு முன் திரையில் ஒரு கேள்வி வரும்படி செய்திருந்தாள்: “டப்பாவை அளந்தீங்களா?” அளந்த கோப்பைக் கொடுக்காவிட்டால் படம் வராது.

போன வருடத்து டப்பாவின் கோப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். மென்பொருள் தேதியைச் சரிபார்க்கும்படி செய்தாள். தேதியைத் திருத்திக் கொடுத்தார்கள். எண்களையே பழையவற்றோடு ஒப்பிடும்படி செய்தாள். மறுவாரம், “இந்த டப்பாவுக்கு வயசே ஆகாதா?” என்று திரை கேட்டது. அவளுக்கு டப்பாக்கா என்று பெயர் வந்தது அப்போதுதான்.

அவளோடு அதிகம் மல்லுக்கு நின்றவர் வெளியூர்க் கல்லூரியிலிருந்து வரும் ஒரு பேராசிரியர். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் அவசரம்.

“ஒரு தடவை விடும்மா. நான் என்ன திருடனா?”

“திருடன் இல்ல சார். அலுமினியத்த உங்க பொடின்னு ஊருக்கெல்லாம் சொல்லிடுவீங்க, அவ்வளவுதான்.”

ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாலும், டப்பாக் கேள்வியை யாராவது எடுக்கச் சொன்னார்களா என்றுதான் கேட்பாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், “அது கிடக்கு தம்பி” என்பாள்.

தலைவர் சொன்னபடி எடுத்துவிட்டேன். மறுக்கத் தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை. அவள் எழுதிய வரிகளை அழிக்காமல், கணினி தாண்டிப் போகும்படி ஒவ்வொன்றின் முன்னாலும் குறி போட்டு முடக்கினேன். ஓட்டிப் பார்த்தேன். படம் உடனே வந்தது. டீ குடிக்கப் போனேன்.

அடுத்த வாரம் அவசரம் வந்தார். அக்கா போனது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து தன் அளவுகளைக் கொடுத்தார். படம் வந்தது. அவர் படத்தைப் பார்க்காமல், திரையில் கேள்வி வரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்பா, கேக்கலையே?”

இனிமேல் கேட்காது, தலைவர் எடுக்கச் சொல்லிவிட்டார் என்றேன்.

“நான் அளந்துட்டு வந்திருக்கேனே.”

அவருக்குக் கற்றை கிடைத்ததே ஒரு நாள். அதில் பாதியை வெறும் டப்பாவுக்குக் கொடுத்திருக்கிறார். அந்தக் கோப்பு இருந்த பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு, “இத இப்ப எங்க குடுக்கறது?” என்றார்.

நான் திரும்பி, போட்ட குறிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. மறுபடி ஓட்டினேன்.

கேட்டது. அவர் கொடுத்தார். படத்தில் டப்பாவின் முகடுகள் மறைந்தன. மிச்சம் அவருடையது. எழுந்து போகும்போது அக்காவின் நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டுப் போனார்.

தலைவரிடம் இன்னும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.