மூன்று ஆப்பும் ஒரே சம்பளமும்

பள்ளி வேன் ஓட்டும் அவளுக்குத் தெருவில் ‘ஹாரன்’ என்று பட்டப்பெயர். கோபம் வந்தால் நாலு வீடு தள்ளிக் கேட்கும்.

அன்றைக்கு அவள் வேன் சாவியை ஆணியில் மாட்டுவதற்குள் புருஷன் போனை நீட்டினான். வீட்டு பட்ஜெட்டுக்காக ஒரு மாதமாக மூன்று ஆப்களைச் சோதித்துப் பார்த்தானாம். எது நல்லதென்று அவள் சொல்ல வேண்டுமாம்.

“இது செலவை வட்டம் போட்டுக் காட்டும். இது அளவு தாண்டினா சிவப்பாயிடும். இன்னொண்ணு முன்கூட்டியே எச்சரிக்கும்.”

அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். மூன்றிலும் அவளைக் கேட்காமலே அவள் வங்கிக் கணக்கை இணைத்திருந்தான். அவள் குடித்த டீ, அவள் அம்மாவின் கண் சொட்டு மருந்து எல்லாம் ‘தவிர்க்கக்கூடியவை’ என்ற தலைப்பில் சிவப்பாக நின்றன. அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

“மருந்தைத் தவிர்க்கலாம்னு யார் போட்டது? ஆப்பா, நீங்களா?”

“பிரிச்சது நான்தான்.”

“உங்க சம்பளம் எங்க?”

“என்னுது இன்னும் சேர்க்கல. முதல்ல எது சரியா வருதுன்னு பார்த்துட்டு...”

போனை அவன் கையில் திணித்தாள். நாலு வீட்டுக்கும் கேட்டது.

“உங்க சம்பளமும் உங்க சிகரெட்டும் எதுல ஏறுதோ அதுதான் நல்ல ஆப். ஏத்திட்டு வாங்க, அப்புறம் என் டீயைப் பத்திப் பேசலாம்.”