பதினான்காம் வரியின் சுழி

தார்வாட் விதைப் பரிசோதனைக்கூடத்தில் கன்னடத் தட்டச்சு என்றால் கௌரவ்வாதான். பதினாறு வருஷமாக அவள் அடித்த தாளில் யாரும் சிவப்பு மை தொட்டதில்லை. அதற்கு முன் ஏழு வருஷம் கதக் ஊரிலிருந்த கிளையில் வேலை. விடியுமுன் பஸ் ஏறி, விளக்கு வைத்த பிறகு வீடு திரும்பினாள். மகள் நடக்க ஆரம்பித்ததைப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் கேள்விப்பட்டாள்.

இப்போது தட்டச்சுப் பிரிவையே மூடுகிறார்கள். கணினி மொழி கற்று, முளைப்புச் சதவீதம் பார்க்கும் சின்ன புரோகிராம் ஒன்றை வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் ஓட்டிக் காட்டினால் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் மறுபடியும் கதக்.

வெள்ளிக்கிழமை மணி மூன்று. காலையில் ஓடிய புரோகிராம்தான். அதில் 75 என்று இருந்த வரம்பை அதிகாரி 70 ஆக்கச் சொன்னார். மாற்றியதிலிருந்து, புரோகிராமைப் படித்துப் பிழை சொல்லும் கம்பைலர் ஒரே பாட்டு: பதினான்காம் வரியில் அறியாத எழுத்து. அதன்கீழ் இன்னும் ஆறு பிழைகள். அந்த ஆறையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்யப் போய் ஒன்பதாக்கி, செய்ததையெல்லாம் திரும்ப அழித்து, மதியச் சாப்பாட்டு நேரம் போய்விட்டது.

பக்கத்து மேஜை கல்மேஷ், மசாலாப் பொரியான கிர்மிட் பொட்டலத்தை அவள் முன் வைத்தான். அவன் நேற்றே தேறியவன். "இன்னும் திட்டுதாக்கா?"

"திட்டட்டும்ப்பா. எதுக்குன்னு சொல்லிட்டுத் திட்டலாம்ல? எங்க மாமியார் தோத்தாங்க."

"வரியைப் படிச்சா சரியாத்தான் இருக்கு."

"ஆமா, படிச்சா சரியாத்தான் இருக்கும்" என்றவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மெய்ப்பு பார்க்கும்போது அவள் எப்போதும் படிப்பதில்லை. படித்தால் மனசு பிழையைத் தானே திருத்திக்கொண்டு போய்விடும். கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி, எழுத்தின் உருவத்தை மட்டும் பார்ப்பாள். திரையில் எழுத்தைப் பெரிதாக்கினாள். அரைப்புள்ளி. அடைப்பு. சுழி.

ஒன்பதாம் வரியின் சுழி முட்டை மாதிரி நீளமாக இருந்தது. இது உருண்டை.

"கல்மேஷ், இது நம்ம சொன்னெப்பா. கன்னடச் சுழி."

ஒவ்வொரு வரிக்கும் கீழே, மறக்காமலிருக்க, கன்னடத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தாள். குறிப்பை எழுதிய கையோடு, விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றாமலே ஐந்தை அழித்துச் சுழி போட்டிருக்கிறாள். பதினாறு வருஷத்துக் கை.

அழித்தாள். மாற்றி அடித்தாள். கம்பைலர் ஒன்றுமே சொல்லவில்லை. கீழே இருந்த ஆறும் போன இடம் தெரியவில்லை. நம்பாமல் இன்னொரு தடவை ஓட்டினாள். சோளம், 82, தேர்ச்சி.

"கர்நாடகத்துல வேலை பாக்குது, கன்னடம் கத்துக்க வேணாமாக்கா அது?"

"கத்துக்கும்போது கத்துக்கட்டும். எனக்காக நாலு மணிக்குள்ள அது கத்துக்காதில்ல?"

மூன்றே முக்காலுக்கு அதிகாரிக்கு அனுப்பினாள். மணி நாலடிக்குமுன் பதில் வந்தது: சரி. கௌரவ்வா அதையும் ஒருமுறை பின்னோக்கிப் பார்த்துவிட்டு, நமுத்துப்போன கிர்மிட்டை ஒரு பொரி மிச்சம் வைக்காமல் தின்றாள்.