காற்று மறைத்த ஐம்பது நிமிடங்கள்

எலியானா சைரே தொக்கொனாவோ ஊர்க்காரி, லாரி ஓட்டுநரின் மகள். அட்டகாமா பாலைவன மேட்டில் ரேடியோ ஆன்டெனாக்களை இயக்கும் வேலைக்கு வந்து பதினொரு வருடமாகிறது. ஆன்டெனாக்கள் மூச்சு முட்டும் உயரத்தில் நிற்கும். அவளும் அவளிடம் வேலை பழகும் நானும் கீழே, முகாம் அறையில், திரைகளின் முன்னால்.

அந்த அக்டோபர் பிற்பகலில் பால்வீதியின் நடுவிலுள்ள கருந்துளையை ஒரே நேரத்தில் பல ஒளிகளில் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. விண்ணிலிருந்து ஒரு தொலைநோக்கி எக்ஸ் கதிரிலும் இன்னொன்று அகச்சிவப்பிலும் பார்க்கும், நாங்கள் ரேடியோவில். இதற்காக ஒரு வருடம் அலைந்த வானியலாளர் பெரால்டா எங்கள் பின்னால் நகத்தைக் கடித்தபடி நின்றார்.

மூன்று மணிக்குக் காற்று கிளம்பியது. அதன் வேகம் வரம்பைத் தாண்டினால் ஆன்டெனாக்களை அண்ணாந்து பார்க்கவிட்டுப் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் முறியும்.

"இன்னும் அஞ்சே நிமிஷம், எலியானா."

"அதைக் காத்துக்கிட்ட சொல்லுங்க டாக்டர். நான் சொன்னா கேக்க மாட்டேங்குது."

திரையில் வேக எண் வரம்பைத் தாண்டியதும் பூட்டிவிட்டாள். பெரால்டா திட்டிக்கொண்டே வெளியே போனார். அவள் நிலைகொள்ளாமல் ஜன்னலுக்கும் திரைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். ஐம்பது நிமிடம் கழித்துக் காற்று தணிந்த உடனே, டீகூடக் குடிக்காமல், எல்லாவற்றையும் கருந்துளைப் பக்கம் திருப்பி மறுபடி பதிவைத் தொடங்கினாள்.

மறுநாள் விண்ணிலிருந்து தரவு வந்தது. ஆன்டெனாக்கள் பூட்டியிருந்த நேரத்தில்தான் கருந்துளையைச் சுற்றியுள்ள வாயு எக்ஸ் கதிரிலும் அகச்சிவப்பிலும் பளீரென்று ஒளிர்ந்திருந்தது. காலைச் சாப்பாட்டில் பெரால்டா வேறு மேசைக்குப் போய்விட்டார். எலியானா ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டாள்.

"நீ செஞ்சது சரிதான் அக்கா," என்றேன்.

"சரின்னு தெரியும். சாப்பாடுதான் இறங்கலியே."

மூன்றாம் நாள் எங்கள் பதிவைச் சுத்தம் செய்து பார்த்தார்கள். ரேடியோ ஒளி மெல்ல ஏறி, எக்ஸ் கதிருக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் பிந்தி உச்சத்தைத் தொட்டிருந்தது. சூடான வாயு விரிய எடுத்துக்கொண்ட நேரம் அது என்றார்கள். உச்சம் முழுவதும் எங்களிடம் இருந்தது. பெரால்டா அவளைத் தேடி வந்தார்.

"உச்சம் கிடைச்சிருச்சு. நீ சட்டுன்னு திருப்பலைன்னா அதுவும் போயிருக்கும்."

"ஏற ஆரம்பிச்ச பகுதி?"

"அது போனது போனதுதான்."

"திரும்ப அந்தக் காத்து வந்தாலும் பூட்டத்தான் செய்வேன் டாக்டர்."

"தெரியும்மா. அன்னிக்கும் திட்டுவேன்."

அன்று மாலை வண்டியில் ஊருக்குப் போனவள் இரண்டு நாள் அடித்துப்போட்டாற்போலத் தூங்கினாளாம்.