வேறு பெயரில் வந்த ராணி

இங்கிலாந்தை ஆண்ட பழைய ராணி ஒருத்திமேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. எப்போதோ செத்துப்போனவளோடு உனக்கென்ன சண்டை என்று என் கணவர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

லண்டனில், பிளேஸ்டோவில், ஆரம்பப் பள்ளியில் படித்தபோது அந்த ராணியின் விடுமுறைகளைப் பற்றி டீச்சர் பாடம் எடுத்தார். குளிர் தாங்காமல் மகாராணி பிரான்சின் தெற்குக் கடற்கரைக்குப் போய்விடுவாளாம். கட்டில், தேயிலை, வண்டி இழுக்கக் கழுதை, எல்லாம் கூடவே போகுமாம். அது போதாதென்று, ஆட்கள் தொந்தரவு செய்யாமலிருக்க வேறொரு பெயரில் பயணம் செய்வாளாம். வந்திருப்பது யாரென்று ஊர் முழுக்கத் தெரியும். ஸ்டேஷனில் பூச்செண்டோடு வரவேற்பு வேறு. என்ன கொழுப்பு பாருங்கள்.

நான் உடனே கையை உயர்த்தினேன். எங்கள் வீட்டில் இருக்கும் சித்தப்பாவும் இலங்கையிலிருந்து பிரான்ஸ் வழியாகத்தான் வந்தார், அவரும் வேறு பெயரில்தான் வந்தார் என்று பெருமையாகச் சொன்னேன். டீச்சருக்கு ஒரே சந்தோஷம். பின்னேரம் என்னைக் கூட்டிப்போக வந்த சித்தப்பாவிடம், வகுப்புக்கு வந்து அந்தப் பயணத்தைப் பற்றிப் பேச முடியுமா என்று கேட்டார். சித்தப்பா சிரித்தபடி தலையாட்டினார். வீடு வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

விஷயம் தெரிந்ததும் அம்மா என்னைப் பிடித்து ஏசினார். “வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்க ஏலாதே உனக்கு? அவற்ற அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. பிடிச்சு அனுப்பினாங்களெண்டா ஆர் பதில் சொல்லுறது?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ராணி செய்தால் சரி, சித்தப்பா செய்தால் பிழையா என்று அழுதுகொண்டே கத்தினேன். சித்தப்பாதான் மெல்லக் கேட்டார்.

“அவாவை ஒருத்தரும் பிடிக்கேல்லையோ?”

“இல்லை.”

“நல்ல காலம்,” என்றார்.

அந்தக் கிழமையே சித்தப்பா லண்டனின் மறுபக்கம், டூட்டிங்கில் ஒரு சிநேகிதரின் அறைக்குப் போய்விட்டார். வகுப்புச் சுவரில் கழுதை வண்டியோடு ராணியின் படம் ஏறியது. சித்தப்பா பேச வரவே இல்லை. தலையாட்டிவிட்டு என்னை ஏமாற்றிவிட்டார் என்று அவர்மேல் கோபித்து, போனில்கூடப் பேச மாட்டேன் என்றேன். யார்மேல் கோபப்பட வேண்டுமோ அவளை விட்டுவிட்டு, பாவம், அந்த மனிதரோடு கோபித்தேன்.

சில வருடங்களில் அவருக்கு விசா கிடைத்தது. அவருடைய கல்யாணப் பதிவுக்கு எல்லோரும் போயிருந்தோம். பெண் பதிவாளர் மாப்பிள்ளையின் பெயரை வாசித்தார். அப்பா சித்தப்பாவைக் கூப்பிடும் பெயர் அது இல்லை. பிழையாக வாசிக்கிறார் என்று நான் எழும்பப் போக, அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். சித்தப்பா அந்தப் பெயருக்கு “ஓம்” என்று எழுந்து போய்க் கையெழுத்து வைத்தார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிரான்ஸ் வழியாக வந்த அந்தப் பெயரை, வந்து சேர்ந்த அன்றைக்கே அவர் திருப்பிக் கொடுத்திருப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.