தண்ணீரில் சோதித்த தக்கை

நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோடு சேருவதற்கு இரண்டு வருடம் முன்பு, ஓர் ஆவணி மாதம் நடந்தது இது. அப்போது நாகர்கோவில் வடசேரியில் பெட்ரோமாக்ஸ் விளக்கும் ஸ்டவ்வும் பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்திருந்தேன். படித்தது ஐந்தாம் வகுப்புதான். காலையில் குளித்துத் திருநீறு பூசி, சாமி படத்துக்குப் பூ வைத்த பிறகே வேலையில் கை வைப்பேன்.

முட்டம் பக்கத்து மீனவர் ஒருவர் ஒரு பெட்ரோல் டாங்கியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துரை விற்றுவிட்டுப் போன பழைய மோட்டாரை வாங்கி, தன் வள்ளத்தின் பின்னால் மாட்டியிருந்தார். அவர் ஊரில் மோட்டார் வைத்த வள்ளம் அது ஒன்றுதான்.

“நெறைய ஊத்துனாலும் முள்ளு காலின்னே காட்டுது ஓய். இத நம்பி எப்படி கடலுக்குப் போவ?” என்றார்.

திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு கம்பி, அதன் நுனியில் ஒரு தக்கை. பெட்ரோலில் தக்கை மிதந்து ஏற ஏற, மூடியில் இருக்கும் முள் நகரும். அந்தத் தக்கை ஊறிக் கறுத்து, பொடிந்து அடியில் கிடந்தது. மருந்து ஜாடியின் தக்கை ஒன்றை அளவாகச் சீவி மாட்டினேன். மறுபடி ஊறாமலிருக்க மேலே என்ன பூசுவது? வள்ளத்தின் பலகை இடுக்கில் தண்ணீர் புகாமலிருக்க, தூபத்துக்குப் போடுகிற குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவது இங்கே வழக்கம். கடலையே தடுக்கிற பூச்சு பெட்ரோலைத் தடுக்காதா என்று அதையே இரண்டு தடவை பூசினேன். வாளித் தண்ணீரில் இரண்டு நாள் போட்டுப் பார்த்தேன். ஜம்மென்று மிதந்தது. சாமியைக் கும்பிட்டு டாங்கியைக் கொடுத்தனுப்பினேன்.

நாலைந்து நாள் கழித்து, சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவர் சொன்னார்: “கேட்டியளா அண்ணாச்சி, அந்த மோட்டார் வள்ளம் நேத்து விடியக்காலம் போனது. அண்ணனும் தம்பியும் இன்னும் கரைக்கு வரல்ல.”

விளக்குச் சாமான் கழுவுகிற பெட்ரோல் கிண்ணத்தை இழுத்தபோது, அன்று அதே பூச்சைப் பூசிப் பார்த்த மிச்சத் தக்கைத் துண்டு அதில் கிடந்தது. எப்போது விழுந்ததோ! எடுத்தால் பூச்சே இல்லை. அது கரைந்து கிண்ணத்தின் அடியில் பிசினாகக் கிடந்து விரலில் ஒட்டியது. டாங்கிக்குள்ளும் இப்படித்தானே கரைந்திருக்கும்? கரைந்த பிசின் எஞ்சினுக்குள் பெட்ரோல் போகிற ஊசித் துவாரத்தை அடைத்திருக்கும். பெட்ரோலில் கிடக்க வேண்டிய சாமானைத் தண்ணீரில் போட்டுப் பார்த்த முட்டாள் நான்.

கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறினேன். கடற்கரையில் அவருடைய மனைவி கையில் ஜெபமாலையோடு மணலில் உட்கார்ந்திருந்தார். மோட்டார் இருக்கிற தைரியத்தில் பாய்மரத்தைக் கூடக் கொண்டுபோகவில்லையாம். கட்டுமரங்கள் தேடப் போயிருந்தன. நான் யாரென்றும் என்ன செய்தேனென்றும் சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். ஏசுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன்.

அந்த அம்மா, “வேணும்னா செய்தீங்க? இல்லல்லா? இங்கன இரிங்க அண்ணாச்சி. நான் மாதாவக் கூப்பிடுதேன். நீங்க ஒங்க சாமியக் கூப்பிடுங்க. ஆராவது ஒருத்தர் கேக்காமலா போவாவ?” என்றார்.

தள்ளி உட்கார்ந்து எங்கள் சாமி தாணுமாலயனைக் கூப்பிட்டேன். வெயில் சாய்கிற நேரத்தில் இரண்டு கட்டுமரங்கள் அந்த வள்ளத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தன. உதடு வெடித்து, குரல் கம்மி, இரண்டு பேரும் உயிரோடு இறங்கினார்கள். நடுக்கடலில் மோட்டார் நின்றுபோனதாம். நான் போய், டாங்கி கொண்டுவந்த அண்ணன் முன்னால் நின்று குங்கிலியத்தைச் சொன்னேன். தம்பிக்காரர் கையை ஓங்கிவிட்டார். அண்ணன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார்.

“கோயில்லதான் தூபம் போடுவாவ. எஞ்சினுக்குத் தூபம் போட்ட மனுசன் நீருதான் ஓய்!” என்றார். அழுதுகொண்டிருந்த பெண்கள் கூடச் சிரித்துவிட்டார்கள்.

அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். வள்ளத்திலிருந்து டாங்கியைக் கழற்றி என் கையிலேயே கொடுத்தார். “வேற ஆளு பாக்காண்டாம். பிழை எங்கன்னு ஒமக்குத்தான் தெரியும்” என்றார்.

ஓர் ஆசாரியிடம் கேட்டு, மரச்சாமானுக்குப் பூசுகிற அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் புதுத் தக்கைக்குப் பூசினேன். எட்டு நாள் பெட்ரோலிலேயே போட்டு வைத்துப் பார்த்தேன். முதல் ஓட்டத்துக்கு, நீச்சல் தெரியாத நானும் அவரோடு வள்ளத்தில் ஏறிப் போய் வந்தேன்.

மன்னித்தேன் என்று வாயால் சொல்லுகிறவர்கள் உண்டு. ஆனால் தன் உயிரைக் கடலில் தவிக்கவிட்டவன் கையிலேயே மறுபடியும் அந்த உயிரை ஒப்படைத்த அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம், யாருடைய தவறுக்கும் கோபப்பட எனக்கு மனம் வருவதில்லை.